மிட்டாதார் சுற்றிய முதல் சுற்று

1931ஆம் வருஷம், ஆயுத பூஜையன்று காலை ஏழு மணிக்கு, மிட்டாதாரின் மூன்றாவது கிளீனரான சடையாண்டி காரின் முன்னால், இன்ஜினைக் கிளப்பச் சுற்றும் இரும்புக் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றான். முந்தைய இருவருக்கும் இதே கைப்பிடி எதிர்த்து உதைத்து மணிக்கட்டு முறிந்திருந்தது.

காரணம் அவனுக்குத் தெரியும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதை மேலே தள்ளிவிட்டுச் சுற்றினால் இன்ஜின் சாதுவாகக் கிளம்பும். கீழே இருந்தால் உதைக்கும். சீட்டில் இருந்த மிட்டாதார் அதைக் கீழேதான் வைத்திருந்தார். இரண்டாவது கிளீனர் அதைச் சொல்லப்போய்ப் பிரம்படி வாங்கினான். அதன்பிறகே கை முறிந்தது.

"என்னடா முழிக்கிறே? அந்த ரெண்டு பயலுக்கும் சுத்தத் தெரியல. நீயாவது ஒழுங்காச் சுத்து!"

சடையாண்டி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். "எஜமான், பூஜையன்னிக்கு முதல் சுத்து சொந்தக்காரங்க கையால சுத்துறதுதானே வழக்கம்? நான் தொட்டா ஆகாதுங்களே."

"ஆமாம், அதுதான் முறை," என்றார் பூஜை செய்ய வந்திருந்த குருக்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

மிட்டாதார் முகம் வெளுத்தது. இறங்கப் போனவர் திரும்பி, நெம்புகோலை மேலே தள்ளிவிட்டு இறங்கினார்.

சடையாண்டி எல்லோருக்கும் கேட்கும்படி, "எஜமான், இப்ப எதையோ மேல தள்ளினீங்களே, அது எதுக்குங்க?" என்றான்.

மிட்டாதார் முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். குனிந்து சுற்றினார். இன்ஜின் உதைக்காமல் கிளம்பியது. கூட்டத்தில் யாரும் கைதட்டவில்லை.

1932 ஜனவரி 14 அன்று மிட்டாதார், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் புதிய கார் ஒன்றை வாங்கினார்.