பலவேசம் மாட்டிய உறை

பாளையங்கோட்டை பலவேசம் ரிட்டையரான கையோடு, யூடியூபைப் பார்த்து, பாகம் பாகமாக வாங்கித் தானே ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டினார். உள்ளே கலர் கலராக எரியும் ஆறு ஃபேன். ஆனால் தூசி பட்டால் மனுஷனுக்கு உயிரே போய்விடும். அவர் வீட்டில் டிவி ரிமோட்கூடப் பாலிதீன் கவருக்குள்தான் குடியிருந்தது. கம்ப்யூட்டருக்கும் டெய்லரிடம் அளவு கொடுத்து, முழுசாக மூடுகிற பிளாஸ்டிக் உறை தைத்து மாட்டினார்.

அது கொஞ்ச நேரம் ஓடும், கொதிக்கும், அணைந்துவிடும்.

"ரூம் சூடு" என்று தீர்ப்புச் சொன்னார் பலவேசம். வீட்டில் இருந்த ஒரே ஏசி மருமகள் செண்பகவல்லியின் அறையில். "அதைக் கழத்தி இங்க மாட்டப் போறேன்."

"அந்த உறையை எடுத்தாப் போதுமே மாமா."

"ஆறு ஃபேன் சுத்துது, உறை என்ன செய்யும்? எனக்கே பாடமா? உறைதான் தப்புன்னு என் வாயால சொல்ல வை, ஏசியைத் தொட மாட்டேன்."

அந்த வாய் தன் தப்பைச் சொன்னதாகச் சரித்திரமே இல்லை.

செண்பகவல்லி அவருடைய ரெயின்கோட்டை எடுத்து வந்தாள். "இதைப் போட்டுக்கிட்டு ஃபேனுக்கு அடியில உக்காருங்க மாமா. நான் காப்பி போட்டுட்டு வாரேன். அதுவரை குளுகுளுன்னு இருந்தா, ஏசியை நானே கழத்தித் தாரேன்."

சித்திரை மாசத்து மத்தியானம். பலவேசம் கழுத்துவரை பட்டனைப் போட்டுக்கொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார். ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. காப்பி வருவதற்குள் மீசையிலிருந்து வேர்வை சொட்டியது.

"காத்து எங்கம்மா உள்ள வருது! இந்தச் சனியனைக் கழத்து முதல்ல!"

செண்பகவல்லி காப்பியை நிதானமாக ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "யாருக்கு முதல்ல கழத்தணும் மாமா? உங்களுக்கா, கம்ப்யூட்டருக்கா?"