பொரிச்சட்டிக்குள்ள குடிவந்த சுருளி

ஒரு ஊர்ல ஒரு பொரி வறுக்கிறவ இருந்தா. அவ பேரு சிலம்பாயி. காலையில எந்திரிச்சு அடுப்பு மூட்டுவா, சட்டியில மணலைக் கொட்டிச் சூடாக்குவா, நெல்லை அள்ளிப் போடுவா. படபட படபடன்னு பொரியும். அந்தப் படபடவை விட்டா அந்த வீட்டுல வேற பேச்சே கிடையாது. ஒத்தை ஆளு அவ. கூட இருந்தது ஒரு கோழியும் ஒரு பூனையும். கோழிக்கு எப்பவும் கோவம், பூனைக்கு எப்பவும் தூக்கம். ரெண்டும் பேச்சுத்துணைக்கு ஆகாது. என்ன, சத்தத்தைக் காணோம்? "ம்" போடு குட்டி, அப்பத்தான் கதை நகரும்.

"ம்."

அப்புறம் ஒரு நாள் அடுப்பெரிக்க வைக்கோல் உருவப் போனாளா, போருக்கு அடியில ஒரு முட்டை. வெள்ளையா, நீளமா, அமுக்கினா தோல் மாதிரி மெத்துன்னு இருக்கு. "அட, வாத்து முட்டை! மழையில ஊறிப் போச்சு போல"ன்னு மடியில கட்டிட்டு வந்து கோழிக்கு அடியில வெச்சுட்டா. கோழி உக்காந்துச்சு, உக்காந்துச்சு, காலு மரத்துப் போற வரைக்கும் உக்காந்துச்சு. அப்போ ஒரு நாள் காலையில, கிர்ர்க்! முட்டை கிழிஞ்சுது. முதல்ல ஒரு மூக்கு வந்துச்சு. அப்புறம் ரெண்டு கண்ணு வந்துச்சு. அப்புறம் கழுத்து வந்துச்சு. அப்புறமும் கழுத்து வந்துச்சு. அப்புறமும் கழுத்துதான்!

"காலு?"

காலே வரலை.

"பாம்பு!"

பாம்பேதான். கோழி கெக்கெக்கெக்கேன்னு கூரை மேல ஏறிடுச்சு. சிலம்பாயி குனிஞ்சு பார்த்தா. பாம்புக்குட்டி பயந்து போய்ச் சுருண்டுக்கிட்டு, நாக்கை மட்டும் ஸ்ஸ்னு நீட்டுது. "அடியே, இந்த வீட்டுல என்னைப் பார்த்துச் சத்தம் குடுக்கிற முத ஆளு நீதான்டி"ன்னு சொல்லிட்டா. சுருளின்னு பேரும் வெச்சுட்டா.

"கடிக்காதா சித்தப்பா?"

அது சாரைப்பாம்புக் குட்டி. விஷமெல்லாம் கிடையாது. ஆனா அவ்வளவு சின்னதுல அடையாளம் யாருக்குத் தெரியும்? ஊரே திரண்டு வந்துடுச்சு. முன்னாடி நின்னவர் பூசாரி சடையப்பன். "சிலம்பாயி வீட்டுக்கு நாகராஜாவே வந்துட்டார்"னு கன்னத்துல போட்டுக்கிட்டார். எல்லாரும் அது படம் எடுக்கும், படம் எடுக்கும்னு காத்துக் கிடந்தாங்க. அதுக்குப் படம் இருந்தாத்தானே எடுக்க? தலையை மட்டும் தூக்கிப் பார்த்துட்டு வெச்சுடுச்சு.

அப்புறம் பூசாரி, "சாமி தங்க வெங்கலக் குடம்தான் சரி"ன்னார். குடத்துல விட்டா. கிண்ணம் நிறையப் பாலும் வெச்சா. குடம் ஜில்லுனு இருக்கு. சுருளிக்கு உடம்பெல்லாம் நடுங்குது. தள்ளாடித் தள்ளாடி வெளிய வந்து, தொப்! பாலுக்குள்ள விழுந்துடுச்சு. ஒரு சொட்டுக் குடிக்கலை. வாயிருந்தா கேட்டிருக்கும், "ஏம்மா, குளிக்கவா வெச்ச?"ன்னு. பாலு என்னாச்சு? பூனை லொச்சு லொச்சுன்னு நக்கிடுச்சு.

மறுநாள் மூங்கில் கூடையில வெச்சா. முட்டையும் வெச்சா. கூடையில இருக்கிற ஓட்டையெல்லாம் சுருளிக்கு வாசக்கதவு. சர்ருன்னு இந்தப் பக்கம் வரும், சர்ருன்னு அந்தப் பக்கம் வரும். முட்டையோ அது வாயை விடப் பெரிசு. "இதை உடைச்சுட்டு இப்பத்தானே வந்தேன், மறுபடி உள்ள போகச் சொல்றியா?"ன்னு பாக்குற மாதிரி பார்த்துச்சு. தொடலை.

அப்புறம் கூட்டம் இன்னும் கூடிப்போச்சு. மஞ்சள் தூவுறாங்க, கற்பூரம் காட்டுறாங்க, தினம் பாலு வெக்கிறாங்க, அதையும் பூனைதான் நக்குது, சின்னப் பசங்க எட்டி எட்டிப் பாக்குறாங்க. சுருளி இளைச்சு நூலாயிடுச்சு. சிலம்பாயிக்குக் கஞ்சி இறங்கலை.

பூசாரி முகம் சுளிச்சார். "நாகம் உன் வீட்டுல பட்டினி கிடந்தா ஊருக்கு ஆகாது தாயி. இன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள அது வாயில ஏதாச்சும் போகணும். இல்லாட்டி மேளம் வெச்சுக் கூட்டிட்டுப் போய்க் குளத்தங்கரைப் புத்துல விட்டுருவோம்."

"ஐயோ, புத்துக்குப் பின்னாடி கீரி குட்டி போட்டிருக்கே சாமி!"

"நாகத்துக்குத் தன்னைக் காப்பாத்திக்கத் தெரியாதா?"

தெரியாதுல்ல குட்டி? அது பிறந்தே நாலு நாள்தானே ஆச்சு.

"ம்... தெரியாது."

அப்போ சிலம்பாயி மூக்கை உறிஞ்சிக்கிட்டு வெளிய வந்தா. பக்கத்து வீட்டு ராசக்கிளி கைப்பிள்ளைக்குச் சோறு ஊட்டிட்டு இருக்கா, சுவத்துப் பக்கம் திரும்பி உக்காந்து, முந்தானையால மறைச்சுக்கிட்டு.

"ஏன்டி மறைக்கிற?"

"உன் வீட்டுக்கு வந்த கூட்டமெல்லாம் என் வாசல்லதானே நிக்குது! இத்தனை கண்ணு பாக்கிறப்ப புள்ளைக்குச் சோறு இறங்குமாக்கா?"

சிலம்பாயி நின்னா. நெத்தியில ஒரு தட்டுத் தட்டிக்கிட்டா. "அடிப்பாவி! என் புள்ளைக்கும் அதே கதைதானே?"

ஓடினா. கூட்டத்தைப் போங்க போங்கன்னு வெளிய தள்ளிக் கதவைச் சாத்தினா. சன்னல்ல சாக்கைத் தொங்கவிட்டா. அடுப்பு ஓரமா வெதுவெதுன்னு ஆறிக் கிடந்த பொரி மணலைப் பரப்பினா. விளிம்பு உடைஞ்ச பழைய பொரிச்சட்டி ஒண்ணு கிடந்துச்சு. அதை மணல் மேல கவுத்து வெச்சா. உடைஞ்ச இடம்தான் வாசல். கையில ஏந்தின சுருளியை வாசல்ல விட்டதும் சரசரன்னு உள்ள போச்சு பாரு! உள்ள இருட்டு, அடியில கதகதப்பு, மேல கூரை. மூணாவது வீடு பிடிச்சுப் போச்சு. வேற எதுவும் தோணாம, வாசல்ல ஒரு பிடி பொரியைத் தூவிட்டு, சிலம்பாயி முதுகைக் காட்டி உக்காந்துட்டா.

எட்டிப் பார்க்கணும்னு கழுத்து நமநமங்குது. பார்க்கலை. வெளிய டும் டும் டும்னு மேளம் வந்துடுச்சு. பார்க்கலை. "கதவைத் திற தாயி, பொழுது சாயுது!" பார்க்கலை. பிரியமா இருக்கிறவங்களைப் பார்க்காம இருக்கிறது இருக்கே, மலையைத் தூக்கறது அதை விடச் சுளுவு.

அப்போ பின்னாடி கறுக் கறுக்னு ஒரு சத்தம். கூட்டம் போனதும் பொரி வாசனைக்கு ஒரு சுண்டெலிக் குஞ்சு வந்திருக்கு! பூனை பாத்துச்சு. நாலு நாளாக் குடிச்ச பாலு தொண்டை வரைக்கும் நிக்குது. ஆவ்னு ஒரு கொட்டாவி விட்டுட்டுத் திரும்பிப் படுத்துக்கிச்சு. கறுக் கறுக். கறுக் கறுக். ஸ்ஸ்...

லபக்!

"பாவம் எலி."

பாவம்தான். ஆனா சுருளிக்கும் பசிக்குமே.

அப்புறம் சிலம்பாயி கதவைத் திறந்தா. பூசாரி வந்து சட்டியை இத்தினியூண்டு தூக்கிப் பார்த்தார். உள்ள சுருளி, நடுவயித்துல கொழுக்கட்டை மாதிரி ஒரு முடிச்சோட, சுகமாச் சுருண்டு கிடக்கு.

"பாலுதானே சாப்பிட்டார்?"

"உங்க பாலைச் சாப்பிட்ட சாமி அங்க படுத்திருக்கு பாருங்க"ன்னு பூனையைக் காட்டினா. மேளக்காரரே சிரிச்சுட்டார். வந்த மேளம் வீணாப் போகக் கூடாதுன்னு அங்கயே நாலு தட்டுத் தட்டினாங்க. சிலம்பாயி எல்லாருக்கும் படி படியாப் பொரி அளந்து போட்டா. கூரையில இருந்த கோழி மெல்ல இறங்கி வந்துச்சு. கவுத்து வெச்ச சட்டியைச் சுத்திச் சுத்திப் பார்த்துச்சு. "அடேங்கப்பா, எவ்வளவு பெரிய முட்டை!"ன்னு அது மேலயே ஏறி உக்காந்துடுச்சு. ஒரு வாரமா இறங்கலையாம்.

"ம்... அப்புறம்?"

அப்புறம் தூக்கம்தான். தூக்கமும் சுருளி மாதிரிதான் குட்டி, உத்து உத்துப் பார்த்தா கிட்ட வராது. நீ கண்ணை மூடிக்கோ. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்.

"எட்டிப் பார்க்க மாட்டீங்கல்ல?"

மாட்டேன். கதை சட்டிக்குள்ள போய்ச் சுருண்டுக்கிச்சு. நீ போர்வைக்குள்ள சுருண்டுக்கோ.

"..."

ம்?