மூன்றாவது வரி

சிறுமலை அடிவாரத்தில், கணக்குக்கும் அறிவியலுக்குமென்றே ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. நுழைவுத் தேர்வில் தேறிய பிள்ளைகளுக்குத்தான் அங்கே இடம். வேடசந்தூரிலிருந்து வந்த தில்ஷாத், பழைய பள்ளியில் எப்போதும் முதல் மாணவி. இங்கே எல்லோருமே அப்படி வந்தவர்கள்தான்.

அன்று கணக்கு டீச்சர் பிரிசில்லா ஒரு நிரூபணத்தைப் பலகை நிறைய எழுதி முடித்தார்.

"புரிஞ்சுதா?"

வகுப்பே தலையாட்டியது. தில்ஷாத்தும் ஆட்டினாள்.

சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"மிஸ், நான் ஊருக்கே போயிடுறேன். இன்னிக்கு அத்தா வர்றாங்க."

"ஏம்மா?"

"எல்லாருக்கும் புரியுது. எனக்கு மட்டும் புரியல. நான் எப்படித்தான் தேறினேனோ."

"எது புரியல?"

"மூணாவது வரி."

"ரெண்டு பக்கத்தையும் இந்த எண்ணால வகுத்திருக்கேன். அவ்வளவுதானே?"

"அது பூஜ்யமா இருந்தா எப்படி மிஸ் வகுக்கிறது? இருக்காதுன்னு மத்தவங்களுக்குத் தெரியுது போல. எனக்குத்தான் பிடிபடல."

பிரிசில்லா வாயைத் திறந்தார். மூடினார். சாக்பீஸை எடுத்து ஓரமாக ஏதோ போட்டுப் பார்த்தார். அழித்தார். மறுபடி போட்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே ஓடினார்.

பள்ளி மணி விடாமல் அடித்தது.

பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவந்தார்கள். "லீவா? லீவா?" தலைமையாசிரியை மூச்சுவாங்க வந்தார்.

"எங்கயாவது தீ கீ பிடிச்சிருச்சா, பிரிசில்லா?"

"இல்ல மேடம். என் நிரூபணம் தப்பு! தில்ஷாத் பிடிச்சுட்டா!" மணிக்கயிறு இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

தில்ஷாத்துக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "ஐயோ, நான் எதையும் பிடிக்கல. புரியலைன்னுதான் சொன்னேன்."

வகுப்பின் முதல் மாணவன் அருள்செல்வனால் பொறுக்க முடியவில்லை. "எங்களுக்கெல்லாம் நல்லாப் புரிஞ்சுதே மிஸ்!"

"எனக்கும் நல்லாத்தான்டா புரிஞ்சுது."

தலைமையாசிரியைதான் முதலில் சிரித்தார். அதன்பின் யாரையும் அடக்க முடியவில்லை. யார் தட்டிலிருந்தோ ரசம் கொட்டியது. தில்ஷாத்துக்கும் சிரிப்பு வந்தது. இந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்ததே இல்லை.

பிள்ளைகள் வகுப்பறைக்குள் முண்டியடித்து, பலகையைச் சுற்றி நின்று சண்டை போட ஆரம்பித்தபோது அவளுடைய அத்தா வாசலுக்கு வந்துவிட்டார். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையெல்லாம் வெங்காய வாசனை.

"டீச்சரம்மா, பிள்ளைக்கு ஒண்ணுமே புரியலையாம். போன்ல அழுதுச்சு. கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

தில்ஷாத் டீச்சரைப் பார்த்தாள்.

பிரிசில்லா நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டார்.

"உட்காருங்கண்ணே. மூணாவது வரிக்குத்தான் வந்திருக்கோம். இன்னும் ஆறு வரி இருக்கு. அதுல இவளுக்கு எது புரியலைன்னு தெரியாம நான் எப்படி அனுப்புறது?"