ஒரு தாள் கனம்

சீடருக்கு வயது அறுபத்து மூன்று. குருவுக்கு இருபத்தொன்பது.

சீடர் சென்னியப்பன், பஸ் டெப்போவில் முப்பது வருஷம் டயர் கழற்றி மாட்டியவர். கோவையில் சொந்த வீடு. குரு சகாயராணி, அந்த வீட்டின் மாடியில் குடியிருப்பவர். பம்பு கம்பெனியில் உலோகத்தைச் சீவி வெட்டும் மில்லிங் மெஷின் ஓட்டுகிறார். தண்ணீர் மோட்டார் போடச் சொல்லி இறங்கி வந்தவரைச் சென்னியப்பன்தான் வலியப் பிடித்துக் குருவாக்கிக்கொண்டார்.

காரணம் அவர் மனைவி மயிலாத்தாள். ஆறு மாதம் முன்பு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. காலும் ஊன்றி நிற்கும் அளவுக்கு மெல்லத் திரும்பிவிட்டது. வலது கைதான் தேறவில்லை. இப்போதே வேலை கொடுத்தால் வரும், சும்மா விட்டால் இறுகிவிடும் என்றார் பிசியோதெரபி டாக்டர். அழுத்திப் பழக ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார். மயிலாத்தாள் ஒரு வாரம் அழுத்திப் பார்த்துவிட்டு, இடது கையால் அதை ஜன்னல் வழியே வீசிவிட்டார்.

"செத்த கைக்கு என்ன வெளையாட்டு வேண்டிக் கெடக்குது?"

சென்னியப்பன் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. பிடித்து நடக்கும் வாக்கரில், பிடிக்க முடியாத கையின் முழங்கையைத் தாங்க ஒரு பலகை பொருத்திவிட்டால் அவள் வாசல் வரைக்குமாவது நடப்பாள் என்று நினைத்தார். பலகையை ஏற்றி இறக்க, நடுவில் நீளத் துளை வெட்டிய அலுமினியத் தகடு ஒன்று வேண்டும். பட்டறையில் கேட்டால், "ஒரே ஒரு பீஸா?" என்று சிரித்து அனுப்பினார்கள். வீட்டு ஷெட்டில் டிரில்லிங் மெஷின் ஒன்று இருந்தது.

"ஓட்டை போடற மெஷின்ல மில்லிங் பண்ண முடியுங்களா அம்மணி?" என்று குருவைக் கேட்டார்.

சகாயராணி, ஓடாமல் நின்றிருந்த மெஷினில் துளைக்கும் ஊசியைக் கவ்வும் சக்கில் பெருவிரலை வைத்துப் பக்கவாட்டில் தள்ளினார். அது லேசாக ஆடியது.

"பார்த்தீங்களா ஐயா? இது மேலேருந்து கீழே இறங்கத்தான் பிறந்தது. பக்கவாட்டுல தள்ளினா ஆடும்."

"அப்ப முடியாதுங்களா?"

"முடியும். ஒரு தடவைக்கு ஒரு தாள் கனம்தான் வெட்டச் சொல்லிக் கேக்கணும்."

குரு சொல்லச் சொல்லச் சீடர் தலையாட்டினார். முதலில் வரிசையாகச் சின்னத் துளைகள். பிறகு வைஸ் என்கிற நகரும் பிடிப்பானில் தகட்டை இறுக்கி, சக்கில் வெட்டும் கட்டரை மாட்டி, வைஸின் கைப்பிடியை மெதுவாகத் திருப்பி, துளைகளுக்கு நடுவில் உள்ளதைச் சீவி எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். நல்ல கையெழுத்து.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையைத் தொடங்கினார். துளைகள் அழகாக விழுந்தன. கட்டரை மாட்டிக் கைப்பிடியைத் திருப்பினார். மெஷின் அலறியது. சக் கழன்று கட்டரோடு கீழே விழுந்தது. தகட்டின் ஓரம் பிய்ந்துவிட்டது. சக்கை இன்னும் ஓங்கி அடித்து ஏற்றினார். இரண்டாவது தகடும் போனது. கையிருப்பில் இன்னும் ஒன்றுதான்.

ஷெட் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த மயிலாத்தாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க. உதவாத கைக்கு எதுக்குங்க இத்தனை பாடு? நாளைலேருந்து நான் எந்திரிக்கவே இல்ல, போதுமா?"

சென்னியப்பன் மாடிக்கு ஓடினார். அப்போதுதான் பூசை முடிந்து வந்திருந்த சகாயராணி, சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு இறங்கி வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக் உட்காருகிற இடத்தைத் துணியால் துடைத்தார். சக்கை மரக்கட்டையால் இரண்டே தட்டுத் தட்டி ஏற்றினார்.

"நான் மெதுவாத்தானுங்க திருப்பினேன். என்ன தப்பு?"

"மெஷினை ஓட்டாம, கைப்பிடியை மட்டும் திருப்பிக் காட்டுங்க."

திருப்பினார். அரைச் சுற்று ஒரே மூச்சில் போனது.

"இதுவா மெதுவு?"

"என்ற கைக்கு இதுதானுங்க மெதுவு. முப்பது வருஷமா பஸ் சக்கர நட்டுக்குப் பழகுன கை. இதுக்கு மேல கொறைக்க அதுக்குத் தெரியலீங்க."

சகாயராணி அவருடைய கையைப் பார்த்தார், வாசலில் இருந்த மயிலாத்தாளின் கையையும் பார்த்தார். பிறகு வாசலுக்குப் போய்ச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து மெஷின் பக்கத்தில் நிறுத்தினார். துகள் கண்ணில் படாமல் இருக்க மயிலாத்தாளுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார். அவருடைய முந்தானையை இடுப்பில் செருகினார். மடியில் கிடந்த வலது கையை எடுத்து வைஸின் கைப்பிடி மேல் வைத்தார்.

"இந்தக் கையா?" என்றார் மயிலாத்தாள்.

"ஆமாம்மா. வலப்பக்கமாத் திருப்புங்க. நான் சுவிட்சுல கை வெச்சிருக்கேன்."

மெஷின் ஓடத் தொடங்கியது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மயிலாத்தாளின் மேலுதட்டில் வியர்வை பூத்தது. சென்னியப்பன் பொறுக்க மாட்டாமல் கையை நீட்டினார்.

"நீங்க கையை எடுங்க ஐயா. மண்ணெண்ணெய் பாட்டிலைப் பிடிச்சு, வெட்டுற இடத்துல சொட்டுச் சொட்டா விடுங்க."

கைப்பிடி நகர்ந்தது. ஒரு கடுகளவு இருக்கும். கட்டரின் நுனியில் ரவை மாதிரி அலுமினியத் துகள் எழுந்தது. மெஷின் அலறவில்லை. இன்னொரு கடுகளவு. முதல் துளையும் இரண்டாவது துளையும் ஒன்றாகச் சேர்ந்தன. மயிலாத்தாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கட்டரையே பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கவனத்தைச் சென்னியப்பன் ஆறு மாதமாகப் பார்க்கவில்லை. அவருக்குக் கண் கலங்கியது. சும்மா இருந்திருக்கலாம். அதை மறைக்க மனிதர் வாயைத் திறந்தார்.

"அம்மணி, கைக்குப் பயிற்சியாகட்டும்னு பாவம் பாத்துச் செய்யறீங்க. புரியுதுங்க. ஆனா இந்த வேகத்துல போனா சாயங்காலம் ஆயிருமுங்க. கொஞ்சம் அவ திருப்பட்டும், மிச்சத்தை நான் முடிச்சுக்கறேன்."

மயிலாத்தாளின் கை நின்றுவிட்டது. விரல்கள் கைப்பிடியிலிருந்து நழுவின.

சகாயராணி மெஷினை நிறுத்தினார். தகட்டில் வெட்டிய இடத்தைத் துடைத்து, சென்னியப்பனின் விரலைப் பிடித்து அதன் மேல் ஓட்டினார். வழவழவென்று இருந்தது. பக்கத்தில் கிடந்த இரண்டு பிய்ந்த தகடுகளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"பாவம் பார்த்துக் கூப்பிடலீங்க ஐயா. இந்த மெஷின் தாங்குற கை ஒண்ணு வேணும். உங்க கையும் ஆகாது, என் கையும் கம்பெனி மெஷினுக்குப் பழகிப்போச்சு. இந்த வீட்டுல அதுக்கு ஏத்ததா இருக்கறது அவங்க கை ஒண்ணுதான்."

மயிலாத்தாள் நழுவிய விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியில் திரும்ப வைத்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. குரு காத்திருந்து சுவிட்சைப் போட்டார்.

சீடர் வாயை மூடிக்கொண்டு மண்ணெண்ணெய் விட்டார்.