மெல்லாமல் விழுங்கியது

நாச்சிமுத்துவுக்கு முழங்கால் போய்விட்டது. மலைப்படியில் பாதி தூரம் ஏறி உட்கார்ந்தவரை இன்னொருவர் கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

அன்றைக்கே மலைமேல் மடத்தில் பேச்சு கிளம்பிவிட்டது.

அந்த மடத்தில் சட்டதிட்டம் அதிகம் கிடையாது. ஒன்றுதான் கண்டிப்பு. காலையில் கீழே இறங்கி ஊரில் வீடு வீடாகப் பிச்சை வாங்கிய அரிசியை அவரவர் தோளில் அவரவரே மேலே கொண்டுவர வேண்டும். முடியாதவர் அடிவாரத்துச் சத்திரத்துக்குப் போய்விட வேண்டும். சத்திரத்தில் கட்டில் உண்டு. மூன்று வேளை சோறு உண்டு. டிவிகூட உண்டு. அம்மா மட்டும் கிடையாது. அம்மா மலையை விட்டு இறங்குவதில்லை.

அம்மா என்றால் வயதானவர் இல்லை. மடத்தின் குரு அவர்தான். நாற்பதுகூட ஆகவில்லை. நாச்சிமுத்துவுக்கு அறுபது நெருங்குகிறது. அவர் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணா என்பார். இதில் இரண்டு பேருக்கும் எந்தச் சங்கடமும் இருந்ததில்லை.

நாச்சிமுத்து லாரி ஓட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்தாள். மகன் பேச்சை நிறுத்திக்கொண்டான். அதற்கப்புறம் மலையேறி வந்தவர் மடத்தோடு தங்கிவிட்டார். எட்டு வருசமாக, பொழுது சாயும் நேரத்தில் அம்மா பேசாமல் உட்கார்ந்திருக்கும் பாறைக்குப் பக்கத்தில் இவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவருக்கென்று இருந்தது அது ஒன்றுதான். சத்திரத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு அந்தப் பாறையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பதைவிடச் செத்துப்போகலாம் என்று நினைத்தார்.

அரசு ஆஸ்பத்திரி டாக்டர் பூசி மெழுகவில்லை.

"முட்டி தேஞ்சிருக்கு. ஆனா முட்டி மேல தப்பில்ல, மேல இருக்கற பாரம் அப்படி. எடையைக் குறைங்க, மலை ஏறலாம். குறைக்கலைன்னா தை மாசத்துக்கு மேல தாங்காது."

மடத்தில் ஒருவேளைச் சோறுதான். நாச்சிமுத்து அதில் பாதியை ஒதுக்கினார். கிருத்திகைக்கு மட்டும் இருந்த விரதத்தைத் திங்களுக்கும் வெள்ளிக்கும் நீட்டினார். மற்றவர்கள் சாப்பிடும்போது எழுந்து போய் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்.

எடை குறையவில்லை. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது முள் இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் போய் நின்றது.

சமையல்கட்டு ரங்கன் அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஏனுங்ணா, காத்தைக் குடிச்சா சதை வைக்குமா?"

"நான் என்னடா பண்ணட்டும்? நீதான பாக்கறே, கைப்பிடிச் சோறு திங்கறேன்."

"நான் பாக்கறப்பத் திங்கறீங்க. பாக்காதப்ப?"

மறுநாள் சாமான் அறைக் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. ரங்கன் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு ஒன்றும் நடக்காததுபோல வெங்காயம் உரித்தான்.

அந்தப் பூட்டைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்கு முழங்கால் வலி மறந்துபோய்விட்டது. நேராக அம்மாவிடம் போனார்.

"அம்மா, நான் திருடித் திங்கறேன்னு நெனைக்கறாங்க."

"திங்கறீங்களா?"

"சத்தியமா இல்லீங்கம்மா."

"அப்ப என்ன சாப்பிடறீங்க?"

"பாதிச் சோறுங்க. விரதத்தன்னிக்கு அதுவும் இல்லீங்க."

"பல்லுல படறதைச் சொன்னீங்க. மத்தது?"

நாச்சிமுத்துவுக்குப் புரியவில்லை. மற்றது என்று எதைச் சொல்வது? பொய் சொல்ல வேண்டும் என்கிற எண்ணமே அவருக்கு இல்லை. அந்த ஊர்ப்பக்கம் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். மென்று தின்றால்தான் சாப்பாடு. பால் குடித்தால் விரதம் முறியாது. சர்பத் குடித்தாலும் முறியாது. நாட்டுச்சர்க்கரை போட்டு ஒரு சொம்புப் பாலைக் குடித்துவிட்டு, "இன்னிக்குப் பூரா பட்டினி" என்பார்கள். கேட்பவரும் ஐயோ பாவம் என்பார்.

அம்மா எழுந்து உள்ளே போய் மூடி போட்ட ஒரு பெரிய தூக்குப்போசிப் பாத்திரத்தை எடுத்து வந்தார்.

"நாளைக்கு ஊருக்குள்ள போறப்ப இதையும் கொண்டு போங்க. யார் என்ன குடிக்கக் குடுத்தாலும் வேண்டாங்காதீங்க. ஆனா குடிக்காதீங்க. இதுல ஊத்திக் கொண்டாங்க."

"எல்லாத்தையும் ஒண்ணாவா?"

"வயித்துல என்ன தனித்தனியாவா வச்சிருக்கீங்க?"

மறுநாள் இறங்கினார். தறிக்காரர் வீட்டில் காப்பி. எப்போதும்போல அடியில் சர்க்கரை கரையாமல் கிடந்தது. போசியில் ஊற்றினார்.

"என்ன சாமி, மேல யாருக்காச்சும் கொண்டு போறீங்களா?" என்றார் தறிக்காரர்.

"வயித்துக்குத்தான்."

தறிக்காரர் சிரித்தார். நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வாத்தியார் வீட்டில் பால். தெருமுக்கில் கரும்பு ஜூஸ். வண்டிக்காரன் காசு வாங்கமாட்டான், ஆனால் குடிக்காமல் விடவும் மாட்டான். பஸ் நிறுத்தத்தில் டீ. பூசாரி வீட்டில் நன்னாரி சர்பத். ஒவ்வொரு வீட்டிலும் பிடி அரிசி தோள்பைக்குள் போனது, டம்ளர் போசிக்குள் கவிழ்ந்தது.

கடைசியில் காலனி. ஊர் தள்ளி வைத்த தெரு. அங்கே மாராத்தா வீடு.

நாச்சிமுத்து தோட்டங்காடு உள்ள மேல்சாதியில் பிறந்த ஆள். அவருடைய அப்பா அந்தத் தெருவுக்குள் காலே வைத்ததில்லை. நாச்சிமுத்து வைக்கிறார். அந்த வீட்டு அரிசியை வாங்குகிறார். அங்கே குடிக்கவும் குடிக்கிறார். அதில் அவருக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை உண்டு.

மாராத்தா அவரைக் கண்டதும் அரிசியைப் போட்டுவிட்டு, வழக்கம்போலக் கடைக்கு ஓடி ஒரு கலர் பாட்டில் வாங்கி வந்தாள். மூடியை அவர் கண் முன்னால்தான் திறந்தாள். அவர் போசியை நீட்டினார். ஆரஞ்சு நிறம் நுரைத்துக்கொண்டு உள்ளே இறங்கியது.

மலை ஏறும்போது தோளில் அரிசி, கையில் போசி. போசிதான் கனத்தது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார்.

மூடியைத் திறந்ததும் ரங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பால் திரிந்து போயிருந்தது. மேலே நுரை, கீழே கசடு.

"தாயே, இதை என் அடுப்புல வைக்காதீங்க."

"வடச்சட்டி எடு," என்றார் அம்மா.

அம்மாவே கிளறினார். வெகுநேரம் கொதித்தது. நாச்சிமுத்து தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஆவி போய்க்கொண்டே இருந்தது. கொதி அடங்கிக் குமிழி விட்டது. பிறகு அதுவும் இல்லை. கரண்டி நகர மறுத்தது.

அம்மா அடுப்பை அணைத்தார். சட்டியில் இருந்ததை வழித்து உருட்டி ஒரு இலையில் வைத்தார். கறுப்பும் பழுப்புமாகப் பிசுபிசுவென்று ஓர் உருண்டை. அதே இலையில் நாச்சிமுத்துவின் பாதிச் சோற்றை வைத்தார்.

உருண்டை சோற்றைவிடப் பெரிதாக இருந்தது.

"தண்ணி போயிருச்சுங்ணா. மிச்சத்தைச் சாப்பிடுங்க."

நாச்சிமுத்து ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டார். மென்றார். தித்திப்பு தொண்டையில் ஏறி அடைத்தது. அடுத்த துண்டு இறங்கவில்லை.

"முடியலீங்கம்மா."

"நேத்து முடிஞ்சுதே. முந்தாநாளும் முடிஞ்சுதே."

ரங்கன் உருண்டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு சாமான் அறைப் பக்கம் போனான். பூட்டைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவன் திரும்பி வந்து நாச்சிமுத்துவின் முகத்தைப் பார்க்காமலே இலையை எடுத்தான்.

"மாட்டுக்கு வச்சரட்டுங்களாண்ணா?"

"மாடு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்றார் நாச்சிமுத்து.

ரங்கன் போனபின் அவர் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

"நாளையிலிருந்து காப்பி, டீ, பாலு, ஜூஸு எல்லாம் நிறுத்திர்றனுங்கம்மா. யார் கோவிச்சாலும் சரி. கையெடுத்துக் கும்பிட்டுட்டு வந்தர்றேன்."

"செரிங்க."

அவர் போகவில்லை. விரலில் ஒட்டிய பிசுக்கைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

"ஒரே ஒரு எடத்துல மட்டும் குடிச்சாகணுங்க."

"எங்க?"

"காலனியில. மாராத்தா வீட்ல. மத்த வீட்ல வேண்டாம்னா ஒடம்புக்கு ஆகலைம்பாங்க. அங்க வேண்டாம்னா வேற மாதிரி நெனைச்சுக்குவாங்க. பழைய புத்தி வந்துருச்சும்பாங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாமுங்க. ஒரு கலருதானுங்க? அதை மட்டும் குடிச்சுக்கறேன்."

அம்மா கையைக் கழுவினார். ஈரத்தை முந்தானையில் துடைத்தார்.

"கலர் வீட்ல வாங்கி வச்சிருக்காங்களா?"

"இல்லீங்க. என்னைப் பாத்ததும் கடைக்கு ஓடுவா."

"கடை பக்கமா?"

"ஊருக்குள்ள வரணுங்க. நல்ல தூரம்."

"வீட்ல தண்ணி இல்லீங்களா?"

"இருக்குதுங்க. வாசல்லயே பானை. மணல் கொட்டி அது மேல வச்சிருப்பா. எப்பவும் மூடிதான் இருக்கும்."

"தண்ணி வாசல்ல இருக்கறப்ப எதுக்கு அவங்க கடைக்கு ஓடறாங்க?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். உபசாரம் என்று சொல்ல வந்தார். அதற்குள் காதில் பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. கம்பெனியில் அடைத்து வந்தது, யார் கையும் உள்ளே படாதது. அதனால்தான் அதை அவருக்கென்று வாங்கி வருகிறாள். அதனால்தான் அவரும் இத்தனை நாள் யோசிக்காமல் வாங்கிக் குடித்திருக்கிறார். இது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரியாத மாதிரி இருந்துகொண்டார், அவ்வளவுதான்.

"எட்டு வருசத்துல ஒருநாளாச்சும் அந்தப் பானையைக் காட்டிக் கேட்டிருக்கீங்களாண்ணா?"

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

அன்று சாயங்காலம் பாறைப் பக்கம் அவர் வரவில்லை.

காலையில் இறங்கினார். தறிக்காரர் காப்பியோடு வந்தார். வேண்டாம் என்றார். வாத்தியார் வீட்டில் வேண்டாம் என்றார். கரும்பு ஜூஸ்காரன், "பெரிய மனுசன் ஆயிட்டீங்களாட்ட," என்று குத்தினான். குத்தட்டும் என்று நடந்தார். வெயில் ஏறியது. நாக்கு உலர்ந்தது.

காலனியில் மாராத்தா அரிசியைப் பையில் போட்டாள். செருப்பை மாட்டினாள்.

"இருங்க சாமி, கலர் வாங்கியாறேன்."

"வேண்டாம்மா."

அவள் செருப்போடு நின்றாள். முகம் மாறியது. என்ன நினைக்கிறாள் என்று அவருக்குத் தெரிந்தது.

"தண்ணி குடும்மா. இந்தப் பானையில இருந்து."

மாராத்தா பானையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"இது உப்புத் தண்ணிங்க சாமி. உங்களுக்கு ஆகாது."

"நீங்க குடிக்கறீங்கல்ல?"

அவள் உள்ளே போய் ஒரு டம்ளரை எடுத்து வந்தாள். சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கழுவினாள். மறுபடியும் தேய்க்கப் போனாள்.

"போதும்மா."

மோந்து கொடுத்தாள். அவர் வாங்கினார். கை தானாக மேலே தூக்கியது, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்ள. பாதியில் நின்றது. மாராத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் டம்ளரைக் கீழே இறக்கி, உதட்டில் வைத்துக் குடித்தார். உப்புக் கரித்தது. மண் வாசம் அடித்தது. குளுகுளுவென்று இருந்தது. முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினார்.

"இன்னொண்ணு குடும்மா."

மாராத்தா அழவில்லை. கும்பிடவும் இல்லை. இரண்டாவது டம்ளரை அவர் குடித்து முடிக்கும்வரை இடுப்பில் கைவைத்து நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி வாசலில் எறிந்தாள்.

"இதை முன்னாலயே கேட்டிருந்தா என் காலு தப்பிச்சிருக்கும் சாமி. எனக்கும்தான் முட்டி நோவுது."

நாச்சிமுத்து மலைப்படிகளை அன்று எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியாது. வலி இருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார். யாரும் கைகொடுக்கவில்லை.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அம்மா பாறையில் இருந்தார். நாச்சிமுத்து அரிசிப் பையை இறக்கி வைத்துவிட்டு, பாறைக்குப் பக்கத்தில் போய் உட்காராமல் நின்றார்.

"என்ன குடிச்சீங்க?"

"தண்ணிங்கம்மா. மாராத்தா வீட்ல."

"என்ன சொன்னாங்க?"

சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. முட்டி நோவுது என்று அவள் சொன்னதைச் சொல்லும்போது தன் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.



"கேட்டுட்டேங்கம்மா. குடிச்சும் ஆச்சுங்க. இனி நான் சத்திரத்துக்குப் போகாம மேலயே இருந்துக்கலாமுங்களா?"

அம்மா கீழே, சாயும் வெயிலில் தெரிந்த ஊரைப் பார்த்தார்.

"நாளைக்கும் அரிசிக்கு எறங்கணும். நாளைக்கும் தாகமெடுக்குமுங்ணா."