பதினான்கு படிக்கு மூன்று சோடி ஸ்கீ

ஒஸ்லோவில் பஸ் ஓட்டும் குகநேசனுக்கு நாற்பத்தொரு வயது. எல்லோரையும்போல ஸ்கீ என்னும் நீளப் பலகைகளைக் காலில் பூட்டி மலைப் பனியில் சறுக்கிக்கொண்டிருந்தவன், ஐந்து குளிர்காலங்களுக்கு முன் நகரத்துப் படிக்கட்டுகளுக்கு வந்துசேர்ந்தான். படிக்கட்டின் கைப்பிடிக் கம்பிமேல் பாய்ந்து ஏறி, ஸ்கீயைக் குறுக்காகத் திருப்பி, அடிவரை சறுக்கிப் பனியில் இறங்கவேண்டும். அந்தப் பித்து அவனை விடவில்லை.

பழைய நூலகத்தின் பதினான்கு படிக் கம்பி மட்டும் இன்னும் அவனுக்கு வசப்படவில்லை. போன வருடம் அதில் விழுந்து தோள் எலும்பை உடைத்துக்கொண்டான். திங்கட்கிழமை நூலகத்தை இடிக்கப்போகிறார்கள். இன்று ஞாயிறு.

அவனுடைய ஆசிரியை ஆரபிக்கு இருபத்துமூன்று வயது. பள்ளிக்கூடக் காலத்தில் ஸ்கீயைத் தோளில் போட்டுக்கொண்டு அவனுடைய பஸ்ஸில்தான் ஏறுவாள். இப்போது கம்பிச் சறுக்கலில் அந்த நகரத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவள் அவனை அண்ணை என்பாள். அவன் அவளை ரீச்சர் என்பான். முதலில் பகிடிக்குச் சொன்னது, அப்படியே நிலைத்துவிட்டது.

"ரீச்சர், ஒரு கேள்வி."

"கேளுங்கோ."

"என்ர உயரத்துக்கு எத்தினை சென்ரிமீற்றர் ஸ்கீ சரி?"

படிக்கட்டின் உச்சியில் பனியை வாரி மேடு கட்டிக்கொண்டிருந்த ஆரபி நிமிரவில்லை.

"வேற ஆரிட்டக் கேட்டீங்கள்?"

"கேக்காத ஆளில்லை. நிமித்தி வைச்சால் நெற்றி மட்டம் வரவேணுமெண்டு கடைக்காரன் சொன்னான். கூட்டாளி நாடி மட்டம் எண்டான். நீளமெண்டால் இறங்கேக்க ஆடாமல் நிக்குமாம். கட்டையெண்டால் கம்பியில லேசாத் திரும்புமாம். ரெண்டும் சரியாத்தான் இருக்கு. நான் எதை எடுக்கிறது?"

ஆரபி மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டு, தெருவோரம் நிறுத்தியிருந்த தன் வானுக்குப் போனாள். மூன்று சோடி ஸ்கீயைத் தூக்கிவந்து தரையில் கிடத்தினாள். நீளம் அச்சடித்திருந்த இடங்களில் எல்லாம் கறுப்பு நாடா ஒட்டியிருந்தது.

"நிமித்தி அளந்து பாக்கக்கூடாது. மூண்டிலயும் இறங்குங்கோ."

"அப்ப பதில்?"

"ஏறுங்கோ, அண்ணை."

முதல் சோடியில் ஐந்தாவது படி வரை போனான். பின்முனை படியில் தட்டியது. பக்கத்துப் பனிக்குவியலுக்குள் தலைகுப்புற விழுந்தான். எழும்பி, ஸ்கீயின் இரண்டு முனைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது நீளம்."

ஆரபி இரண்டாவது சோடியை நீட்டினாள்.

அது கம்பியில் சுழன்று திரும்பியது. அடிவரை போய்விட்டான். ஆனால் இறங்கியதும் உடம்பு பின்னுக்குச் சாய, தாங்க ஒன்றுமில்லை. பொத்தென்று பனியில் குந்திவிட்டான். காலை நீட்டி ஸ்கீயை முறைத்தான்.

"இது கட்டை."

மூன்றாவது சோடியில் ஒன்பதாவது படியோடு கம்பியிலிருந்து வழுக்கினான். அதே தோள் தரையில் அடித்தது. ஆரபி பதறி ஓடி வந்தாள். குகநேசன் கிடந்தபடியே தலையைத் தூக்கி மேலே பார்த்தான்.

"ஒன்பதாம் படியில கம்பி கொஞ்சம் வளைஞ்சிருக்கு, ரீச்சர்," என்றான். "அதில முழங்காலை இன்னும் மடக்கவேணும்."

"தோள்?"

"தோளுக்கு ஒண்டுமில்லை."

அவன் படியேறத் தொடங்கினான். பாதியில் திரும்பிப் பார்த்தபோது, மற்ற இரண்டு சோடிகளையும் அவள் வானுக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள்.

மேட்டில் நின்று மூச்சை இழுத்தான். பாய்ந்தான். உலோகத்தில் உலோகம் உரசும் அந்த நீண்ட சீறல் காதை நிறைத்தது. ஐந்து. ஏழு. ஒன்பதில் முழங்காலை மடக்கினான். கம்பி காலுக்கடியில் ஒருமுறை துள்ளி அடங்கியது. பத்து, பன்னிரண்டு, பதினான்கு. பிறகு காற்று. பிறகு பனி, இரண்டு காலும் ஒன்றாக.

விழவில்லை. நின்றான்.

வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று அவனுக்கே தெரியாது. நாயோடு போன ஒரு பெண் நின்று கைதட்டினாள். நாய் குரைத்தது. ஆரபி தொப்பியைக் கழற்றி வானத்தில் எறிந்தாள். ஐந்து குளிர்காலங்கள்! குகநேசன் ஸ்கீயோடேயே குதித்தான். சிரித்தான், கண்ணைத் துடைத்தான், திரும்பவும் ஏறினான். மத்தியானத்துக்குள் ஏழு தரம் இறங்கினான். ஒரு தரமும் விழவில்லை.

கடைசியில் வியர்த்துக் களைத்து அவள் பக்கத்தில் வந்து குந்தினான்.

"ரீச்சர், இதுதான் என்ர நீளமெண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"இல்லை."

"நான் இதிலயும் விழுந்தனான்தானே. பிறகேன் மற்றச் சோடியளை வானுக்குள்ள வைச்சனீங்கள்?"

ஆரபி தேநீர்ப் போத்தலின் மூடியைத் திறந்து அவனிடம் நீட்டினாள்.

"மற்ற ரெண்டிலயும் விழுந்தவுடன ஸ்கீயைப் பாத்தீங்கள், அண்ணை. இதில விழுந்தவுடன கம்பியைப் பாத்தீங்கள்."