மன்னர் பெயரில் ஒரு வயிற்று மருந்து

ஆவணி மாதம் முதல் வாரத்தில், பதினொரு நாட்டு வைத்தியர்கள் குறும்பாறை அரசர் வீரகங்கேயரின் சபையில் கூடினார்கள். வயிற்றுப்போக்கை நிறுத்தும் ஒரு பட்டைச் சூரணத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர் இருந்தது. எல்லை தாண்டிய வியாபாரிகள் ஒரே மருந்தை இரண்டு பெயரில் வாங்கி இரட்டிப்பாக விழுங்கினார்கள். போக்கோடு சேர்ந்து மூச்சும் நின்றது. எனவே எல்லோருக்கும் பொதுவாக ஒரே பெயர் வேண்டும்.

அரண்மனை வைத்தியர் மருதவாணர் விதிகளை வாசித்தார். ஒரே வகை மருந்துகளின் பெயர்கள் ஒரே மாதிரி முடிய வேண்டும். ஆள் பெயர் கூடாது. யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது. துவர்ப்பு மருந்துகளுக்குரிய முடிவோடு வைத்தியர்கள் ‘வெண்துவரம்’ என்று முன்மொழிந்தார்கள்.

அரசர் யோசிக்கவில்லை, அது அவர் வழக்கமும் அல்ல. ‘வீரகங்கேயம்’ என்று வைக்கச் சொன்னார். விதி இடிக்கிறதே என்று மருதவாணர் முனகினார். நாளை மாலைக்குள் சபை ஏற்காவிட்டால் மருதவாணரின் தலை இருக்காது என்று பதில் வந்தது.

அமைச்சர் நம்பிக்கூத்தர் மட்டும் அரசரைப் புகழ்ந்தார். கூடவே ஒரு விண்ணப்பம் வைத்தார். குறும்பாறையில் அரசர் பெயரை வெறுமனே சொல்வது குற்றம். முதலில் கட்டியக்காரர் பட்டங்களையெல்லாம் முழங்க வேண்டும். நடுவில் அரசர் அவைக்குள் வந்தால் மறுபடி தொடங்க வேண்டும். பெட்டியைத் திறக்குமுன் அரசர் பெயர் கொண்ட மருந்துக்கும் அந்த மரியாதை உண்டுதானே? அரசர் உச்சி குளிர்ந்து ஆணையிட்டார்.

மறுநாள் அவையில் நடந்த மதிய விருந்தில் அரசர் பலாப்பழத்தை நெய்யில் குளிப்பாட்டி உண்டார். வயிறு வேலையைக் காட்டியது. மருதவாணர் மருந்துப் பெட்டியோடு ஓடிவந்தார். கட்டியக்காரர் தொண்டையைச் செருமினார்.

“ராஜாதிராஜ, ராஜகம்பீர, மும்முரசு முழங்கும்...”

அரசர் கொல்லைப்புறம் ஓடினார். திரும்பி வந்தார். அவைக்குள் வந்துவிட்டதால் கட்டியம் முதலிலிருந்து தொடங்கியது. மறுபடி ஓட்டம். மறுபடி ராஜாதிராஜ. வைத்தியர்கள் எழுந்து நின்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு கைகூப்பினார்கள்.

“நம்பிக்கூத்தரே, பெட்டியைத் திறக்கச் சொல்லும் ஐயா.”

“பட்டங்கள் பாதிகூட முடியவில்லை அரசே. அவமரியாதை ஆகிவிடும்.”

“என் பெயரே வேண்டாம். அவர்கள் சொன்னதையே வையும்.”

“வெண்துவரம்” என்றார் நம்பிக்கூத்தர். மருந்து உடனே கைக்கு வந்தது.

வயிறு அடங்கியதும் அரசர் நம்பிக்கூத்தரிடம் கேட்டார். “அந்தப் பெயருக்கு மட்டும் என்ன அவ்வளவு வேகம்?”

“அது யாருடைய பெயரும் இல்லை அரசே. அதற்காக யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை.”

அரசர் சிரித்தார், வயிறு இடம் கொடுத்த அளவுக்கு. மருதவாணரின் தலை தப்பியது.

மறு ஆண்டு மாசி பத்தாம் நாள், வெண்துவரம் என்ற பெயர் பதினொரு நாடுகளிலும் நடைமுறைக்கு வந்தது. வீரகங்கேயர் பெயர் ஒரு குதிரை லாயத்துக்கு வைக்கப்பட்டது.